தொழிலாளர் பத்திரிகை தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு

யூனியன் பொறுப்புக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கேட்பார்கள். "அண்ணே, எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? எத்தனை பக்கம் போடலாம்?" கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்து கோத்து வேலை பழகியவன் நான். பிறகு சங்கத்தின் தமிழ்ப் பத்திரிகையை வெகுகாலம் பார்த்துக்கொண்டேன். அந்தக் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைப் பேசித் தீர்த்துவிட வேண்டும். பத்திரிகை யாருக்குச் சொந்தம்? காசு எங்கிருந்து வரப்போகிறது? இதற்குப் பதில் இல்லாமல் முதல் இதழ் போட்டவர்கள் பலர் மூன்றாவது இதழைப் பார்த்ததில்லை.

லண்டனில் நடந்த ஒரு கதையை எல்லாரிடமும் சொல்வேன். 1911இல் அங்கே அச்சுக்கோப்பாளர்கள், வாரத்துக்கு 48 மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அவர்களே போட்ட தாள்தான் 'டெய்லி ஹெரால்ட்'. போராட்டத்தோடு நின்றுபோன அந்தத் தாள், 1912இல் முழு நாளிதழாகத் திரும்ப வந்தது. 1922இல் பிரிட்டனின் தொழிற்சங்கக் காங்கிரசும் தொழிற்கட்சியும் அதை ஏற்று நடத்தின. பணம் போதாமல், 1930இல் 51 விழுக்காடு பங்கை ஒடாம்ஸ் என்ற பதிப்பு நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அரசியல் நிலைப்பாடு மட்டும் சங்கங்களின் கையில் இருந்தது. 1933இல் நாளொன்றுக்கு 20 லட்சம் பிரதி விற்று, உலகத்திலேயே அதிகம் விற்கும் நாளிதழ் என்ற இடத்தைப் பிடித்தது.

அப்படிப்பட்ட பத்திரிகை ஏன் நிலைக்கவில்லை? 1960களிலும் 12 லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாசகர்கள் உழைப்பாளிகள், அதிகம் செலவு செய்ய வசதியில்லாதவர்கள். விளம்பரம் கொடுப்பவனுக்கு அவர்கள் தேவைப்படவில்லை. 1964இல் பெயரை 'சன்' என்று மாற்றினார்கள். 1969இல் ரூபர்ட் மர்டாக் அதை வாங்கினார். 1979 தேர்தலில் அதே 'சன்', தொழிற்சங்கங்களோடு மோதப்போகிற மார்கரெட் தாட்சருக்கு ஓட்டுக் கேட்டது. அச்சுக்கோப்பாளர்கள் போராட்டத்தில் பிறந்த தாளுக்கு இந்த முடிவு என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நார்வேயில் வேறு மாதிரி நடந்தது. அங்கேயும் தொடங்கி வைத்தவர் ஓர் அச்சுத் தொழிலாளிதான். கிறிஸ்தியான் ஹோல்டர்மன் க்னூட்சன் 1884இல் ஒரு தொழிலாளர் பத்திரிகையை ஆரம்பித்தார். பிறகு ஊருக்கு ஊர் தொழிலாளர் பத்திரிகைகள் முளைத்தன. 1948இல் அவற்றை ஒன்றுசேர்க்க ஒரு கூட்டு நிறுவனம் உண்டாயிற்று. பின்னாளில் ஏ-பிரசென் என்று பெயர் பெற்ற அந்த நிறுவனம், 2012இல் இன்னொரு பெரிய பத்திரிகைக் குழுமத்தை வாங்கிய பிறகு அமேதியா ஆனது. 2016இல் சங்கங்களின் பங்கு ஒரு சேமிப்பு வங்கி அறக்கட்டளைக்குக் கைமாறியது. இப்போது அது தொழிலாளர் கட்சிப் பத்திரிகை இல்லை. ஆனாலும் சின்னச் சின்ன ஊர்களின் பத்திரிகைகள் அந்தந்த ஊர்ப் பெயரிலேயே நிற்கின்றன, வாசகர்கள் சந்தா கட்டிப் படிக்கிறார்கள். உள்ளூர்ச் செய்தி, உள்ளூர்க்காரர் சந்தா, பின்வாசலில் கூட்டு நிர்வாகம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த மூன்றையும்தான்.

அவ்வளவு தூரம் போகாமல் நம் கோலாலம்பூரையே பாருங்கள். 1961 ஜூலையில் 'உத்துசான் மெலாயு' என்ற மலாய் நாளிதழின் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆளுங்கட்சி தங்கள் பத்திரிகையை எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆசிரியர் குழு சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆசிரியர் சைட் ஸஹாரி சிங்கப்பூர் போயிருந்த சமயம் பார்த்து, திரும்பி வரவிடாமல் தடுத்தார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்த போராட்டம் தோற்றது. நல்ல எழுத்தாளர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. பங்குகள்தான் கைமாறிப் போயிருந்தன.

ஆகவே முதல் வேலை, செயற்குழுவில் ஒரு தீர்மானம். பத்திரிகை சங்கத்தின் சொத்து, தனி ஆளுடையது அல்ல. ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் யார், எந்த ஓட்டில் என்பதை எழுதுங்கள். தலைவரைப் பற்றி உறுப்பினர் எழுதும் குறைக் கடிதத்தை ஆசிரியர் போடலாமா என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். போடலாம் என்று எழுதச் சொல்வேன். தேர்தல் நேரத்தில் பத்திரிகை ஒரு தரப்பின் நோட்டீசாக மாறிப்போவதைத் தடுப்பது அந்த ஒரு வரிதான்.

காசு விஷயத்துக்கு வருவோம். சங்கச் சந்தாவோடு சேர்த்து ஆளுக்கு மாதம் 50 சென் பத்திரிகைக்கென்று ஒதுக்குங்கள். 800 உறுப்பினர் உள்ள சங்கத்தில் அது மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்), மூன்று மாதத்தில் 1,200. நாலு பக்கக் காலாண்டிதழுக்கு இந்தத் தொகை எவ்வளவு தாங்கும் என்று மூன்று அச்சகங்களில் விலை கேட்டுப் பாருங்கள். தொகைக்கு ஏற்றபடி பக்கத்தை வையுங்கள். பக்கத்தை முடிவு செய்துவிட்டுக் காசு தேடக் கிளம்பாதீர்கள். தீபாவளிக்குப் புடவைக் கடை, கேட்டரிங் விளம்பரம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம். வருமானத்தில் கால்வாசிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளி தரப்பிலிருந்து வாழ்த்து விளம்பரம் வரும். ரொம்பப் பணிவாக, நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் சங்கம் சின்னதா? பக்கம் கட்டுகிற ஆளையும் அச்சகத்தையும் இரண்டு மூன்று சங்கங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் வேலை கொடுத்தால் விலையும் பேசலாம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி செய்தித்தாளுக்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொல்லை போய்விட்டது, அனுமதி தேவை என்பது போகவில்லை. 'நாங்கள் விற்கவில்லையே, சும்மாதானே கொடுக்கிறோம்' என்று நினைத்துக்கொண்டு இறங்காதீர்கள். இலவசத் தாளும் இந்தச் சட்டத்துக்குள் வரலாம். சங்க வழக்கறிஞரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி ஃபைலில் போடுங்கள். ஒவ்வோர் இதழிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதனால் சம்பளப் பிரச்சினையை இனப் பிரச்சினையாக எழுதும் கட்டுரையை ஆசிரியர் மேசையிலேயே நிறுத்துங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பக்கத்து மெஷினில் நிற்கும் மலாய்க்காரரும் வங்காளதேசத்துக்காரரும் அதே சம்பளச் சீட்டைத்தான் வைத்திருக்கிறார்கள்.

என்ன போடுவது

இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பெரும்பாலான சங்கப் பத்திரிகைகளில் முதல் பக்கம் தலைவர் மாலை வாங்கும் படம், இரண்டாம் பக்கம் தலைவர் உரை, மூன்றாம் பக்கம் குடும்ப தினம். உறுப்பினர் வாங்கி மடித்து, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் விரித்துவிடுவார். குற்றம் அவருடையது அல்ல.

முதல் பக்கத்தில் சம்பளச் சீட்டைப் போடுங்கள். பெயர், அடையாள அட்டை எண், தொழிலாளி எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, ஒரு நிஜச் சீட்டை வரி வரியாக விளக்குங்கள். உதாரணம் சொல்கிறேன். 2025 பிப்ரவரி முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிக்கும் அதுவே. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 சென். எட்டு மணி நேர வேலையாக இருந்தால் ஒரு மணிக்கு 8 வெள்ளி 17 சென். சாதாரண நாளில் ஓவர்டைம் அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 சென். இந்தக் கணக்கைக் கட்டம் கட்டிப் போட்டு, கீழே வெறும் கோடு விட்டு, 'உங்கள் சம்பளத்தை இங்கே எழுதிப் பாருங்கள்' என்று ஒரு வரி சேருங்கள். அன்றைக்கு கேண்டீனில் பேனா இரவல் கேட்பார்கள் பாருங்கள்! ஒரு பத்திரிகை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

இப்படி எடுத்து எழுத வேண்டியவை நிறைய. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது, பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, தகப்பனுக்கும் ஏழு நாள் விடுப்பு கிடைத்தது. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். ஓர் இதழுக்கு ஒன்று போதும், ஆனால் தெளிவாக, கணக்கோடு.

கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி எல்லா இதழிலும் மாறாமல் இருக்கட்டும். நியாயமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால், 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின் கீழ், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் வந்து அழுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கும் கோலம் மனதை விட்டுப் போகாது. அந்தப் பெட்டிக்கு இடமில்லை என்று பக்கம் கட்டுபவர் சொன்னால் தலைவர் படத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்கள்.

சம்பளம் மட்டும்தான் செய்தி என்று நினைக்க வேண்டாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் நடத்திய வேலைநிறுத்தம் தெரியும் அல்லவா? அதன் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையின் துணையாசிரியராக இருந்தவர். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, தோட்டத்தில் பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுவது என்று கேட்டதோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அந்த மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். அடுத்து நடந்த அடக்குமுறையில் தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்குவதில் எவ்வளவு கூலி குறைந்துவிடும்? ஒரு சென்னும் குறையாது. ஆனால் மனதைப் புண்படுத்தியது அதுதான். உங்கள் ஆலையில் அந்தச் சைக்கிள் எது என்று தேடுங்கள். டாய்லெட் போக அட்டை வாங்க வேண்டியிருக்கிறதா? கர்ப்பிணிப் பெண்ணை நாள் முழுக்க நிற்க வைக்கிறார்களா? சூப்பர்வைசர் எல்லாரையும் 'டேய்' என்கிறாரா? அதை எழுதுங்கள்.

சாவு, கல்யாணம், பிள்ளையின் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) தேர்ச்சி, வேலை ஓய்வு, இவற்றுக்கு ஒரு பக்கம் கொடுங்கள். பெயர்களைச் சரியாக, அவர்கள் எழுதும் விதத்திலேயே போடுங்கள். வேறு எந்தப் பத்திரிகையும் போடாத பெயர்கள் அவை.

செய்தி எடுப்பது

ஒவ்வொரு பிரிவிலும் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவரை நிருபராக வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. காதும் நாணயமும் போதும். அவர் வாட்சப்பில் குரல் பதிவாக அனுப்பட்டும், எழுத்தாக்குவது ஆசிரியர் வேலை. பெண்கள் ஷிப்டுக்குப் பெண் நிருபர்தான் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆணிடம் சொல்ல முடியாதவை நிறைய இருக்கின்றன.

பேசுவதற்கு கேண்டீன் சரிப்படாது, சுவருக்கும் காது உண்டு. கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, கூட யார் இருந்தார்கள், கையில் தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதை எழுதிக்கொண்டு அவருக்கே படித்துக் காட்டுங்கள். இன்னொருவர் தனியாகச் சொல்லி உறுதிப்படுத்தாத எந்தக் குற்றச்சாட்டையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது. பிறகு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, பதில் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். பதில் வந்தால் முழுதாகப் போடுங்கள். வரவில்லை என்றால் எந்தத் தேதியில் கேட்டோம் என்பதைப் போடுங்கள். இப்படிச் செய்த செய்தியோடு தொழில் நீதிமன்றம் வரைக்கும் நிமிர்ந்து போகலாம்.

சொன்னவரின் பெயரைப் போடுவதா என்பதை அவரிடமே விடுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளியாக இருந்தால் அவர் சரி என்றாலும் ஒரு தரம் யோசியுங்கள். அவருடைய பெர்மிட் முதலாளியின் கையில் இருக்கிறது.

எழுத்தும் பக்கமும்

நான் பிறந்த தோட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் 'சங்கமணி'யை எங்கள் ஆட்கள் அப்படிக் கேட்டவர்கள்தான். அதனால் நான் எழுதினதை எல்லாம் முதலில் வாய்விட்டுப் படிப்பேன். ஒரே மூச்சில் படிக்க முடியாத வாக்கியத்தை இரண்டாக உடைப்பேன். திரு.வி.க. பேச்சுத்தமிழ்க்காரர் அல்ல, அழகான செந்தமிழ்க்காரர். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்துகொண்டே 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்தவர். ஆலைத் தொழிலாளிக்கு அவர் தமிழ் புரிந்தது. எளிமை என்பதற்காகத் தமிழைக் கொச்சையாக்க வேண்டிய அவசியம் இல்லை. சம்பளச் சீட்டில் உள்ள மலாய்ச் சொல்லை மட்டும் தமிழோடு சேர்த்துச் சொல்லுங்கள். சேமநிதி என்று எழுதினால் பக்கத்தில் கேடபிள்யூஎஸ்பி என்றும் எழுதுங்கள், சீட்டில் அவர் தேடப்போவது அதைத்தான். பாதிப் பக்கமாவது மலாயிலும் இருக்கட்டும்.

சாஃப்ட்வேர் கேட்டீர்களே. ஏ3 தாளை நடுவில் மடித்தால் நாலு ஏ4 பக்கம், ஆரம்பத்துக்கு அது போதும், அதைக் கட்ட இலவச மென்பொருளே போதும். யூனிகோடில்தான் எழுத வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் அச்சகத்தில் எழுத்து உடையும், ஃபோனில் கட்டம் கட்டமாகத் தெரியும். தட்டச்சுக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' இருக்கிறது. அவர் 1985இல் தொடங்கிய வேலை அது, எழுத்துப் பெட்டி முன்னால் நின்று முதுகு வளைந்த என்னைப் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். எழுத்து அளவைக் குறைத்து விஷயத்தைத் திணிக்காதீர்கள், ஓய்வு பெறும் வயதில் இருப்பவருக்கும் படிக்க வேண்டும்.

புரூஃப் பார்ப்பதற்கு இரண்டு பேர். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் அச்சுப்பிரதியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு இந்தப் பழக்கம் போய்விட்டது, திரும்பக் கொண்டுவாருங்கள். எண்களையும் பெயர்களையும் தனியாக இன்னொரு சுற்றுப் பாருங்கள். லகர ளகரம் தப்பினால் சிரிப்பார்கள். 12 வெள்ளி 26 சென், 26 வெள்ளி 12 சென் ஆகிவிட்டால் ஒரு தொழிலாளி தன் கிராணியிடம் போய் அவமானப்பட்டு நிற்பார்.

கைக்குக் கொண்டுசேர்ப்பது

சம்பளம் போட்ட மறுநாள் கொடுங்கள். கையில் சீட்டு இருக்கும்போதுதான் முதல் பக்கத்துக்கு மதிப்பு. ஷிப்ட் மாறும் நேரம், கேட்டுக்கு வெளியே, செயற்குழுவினரே நின்று கையில் கொடுக்க வேண்டும். கட்டாக மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். வாங்குகிறவர் இரண்டு வார்த்தை பேசுவார், அடுத்த இதழுக்கான செய்தி அதில் இருக்கும். வாட்சப்பில் முழு இதழையும் ஒரே கோப்பாக அனுப்பினால் பலர் திறக்க மாட்டார்கள். ஒரு செய்திக்கு ஒரு படமாக, ஒரு நாளைக்கு ஒன்றாக அனுப்புங்கள். பெரிய கும்பலில் போட்டால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே காணாமல் போகும், ஆசிரியர் மட்டும் அனுப்பக்கூடிய தனிக் குழு வையுங்கள்.

ஒவ்வோர் இதழிலும் சில பிரதிகளை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். 1986ஆம் ஆண்டு சட்டப்படி வெளியீடுகளை ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்கும் கொடுக்க வேண்டும், அதைக் கடமையாக அல்ல, ஆசையாகச் செய்யுங்கள். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றுபோனது. நம்மைப் பற்றி நாமே எழுதி வைத்த தாள்கள் எத்தனையோ வீடுகளில் கரையானுக்குப் போய்விட்டன. ஆண்டு முடிவில் இதழ்களை பைண்டு பண்ணி, முதுகில் ஆண்டைத் தங்க எழுத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு தொகுதி சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். இன்னொன்று வேறு கட்டடத்தில், வேறு ஆளின் பொறுப்பில் இருக்கட்டும், யாரிடம் என்பதைச் செயற்குழுக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.